அந்தமானில் ஒரு பேருந்துப் பயணம்

அந்தமான் தீவுகளில் தொடர்வண்டி இல்லை. பேருந்தும் படகும் கப்பலுமே அங்குப் பொதுப் போக்குவரத்து ஆகும். போர்ட் பிளேர் நகரம் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படுகிறது. கராச்சர்மா அதனை ஒட்டிய ஊர். அங்குத் தங்கும் பயணி, முதலில் நகரின் மோகன்புரா பேருந்து நிலையத்தை அடைதல் வேண்டும். ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூர் ஆகிய தொலைவூர்களுக்குச் செல்லும் அரசுப் பேருந்துகள் அங்கிருந்து அதிகாலையிலேயே புறப்படுகின்றன.

வடக்கே செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்கிறது. எனவே ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் நிறுத்தப்படும். குறித்த நேரத்தில் காவலர் துணையுடன் அவை வரிசையாக அனுப்பப்படும். வழியில் வண்டியை நிறுத்துதல், ஒளிப்படம் எடுத்தல், உணவு கொடுத்தல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. இத்தடைக்குத் தக்க காரணம் உண்டு. வெளியாரின் நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்களுக்குக் குறைவு. 1999ஆம் ஆண்டில் அவர்களிடையே தட்டம்மை பரவியது.

காட்டைக் கடந்ததும் ஒரு நீரிணை குறுக்கிடுகிறது. பேருந்தும் பயணிகளும் பெரிய படகில் ஏறிப் பாராடாங் தீவை அடைகின்றனர். அடுத்த நீரிணையைக் கடக்கப் பாலம் உள்ளது.

பயணிக்கு அக்காடு ஒரு வழி. ஜாரவா மக்களுக்கோ அதுவே வீடு. இதனை உணர்ந்து, அமைதியாகக் கடந்து செல்வதே நல்ல விருந்தினரின் பண்பாகும்.