சத்திரசிகிச்சை முடிந்து வீடு வரும் பிள்ளைக்கு

2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். இத்தகைய பிள்ளையொன்று குடலிறக்கத்துக்கோ உதட்டுப் பிளவுக்கோ சத்திரசிகிச்சை முடிந்து லயத்துக்கு வரும்போது, தையல் நன்றாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். தட்டைப் பார்ப்பவர் குறைவு.

காயம் ஆறுவது வீடு கட்டுவது போன்றது. புரதம் கல், கலோரி கூலி. கூலிக்குக் காசில்லாவிட்டால் உடம்பு கல்லை விற்றுக் கூலி கொடுக்கும். பருப்புத் தண்ணீர் மட்டும் ஊட்டிப் பயனில்லாமற் போவது இதனாலேயே.

சுகமான பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 80 கலோரியும் 1 கிராம் புரதமும் போதும். கடும் மந்தபோஷணத்திலிருந்து தேறும் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் கூறுவது 150 முதல் 220 கலோரி, 4 முதல் 6 கிராம் புரதம். ஆனால் முதல் நாளிலேயே அல்ல. மெலிந்த உடம்பில் திடீரென நிறைய உணவு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியமும் பொசுபரசும் இறங்கி இருதயம் தடுமாறும். ஆரம்பத்தில் 100 கலோரியளவில் தொடங்கி வைத்தியரே கூட்டுவார். அவசரப்பட்டு வார்ட்டுக்குள் சோற்றுப் பார்சல் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டு வயதில் 8 கிலோ மட்டுமே உள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தேறும் காலத்தில் குறைந்தது 1,200 கலோரியும் 32 கிராம் புரதமும் வேண்டும். வெறும் ரொட்டியும் சாயத்தண்ணியும் சின்ன வயிற்றை நிரப்பிவிடும், கணக்கை நிரப்பாது. சாயம் இரும்புச்சத்தையும் தடுக்கும். திரிபோஷா 50 கிராமில் 10 கிராம் புரதமும் 200 கலோரியும் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு சின்னக் கைப்பிடிப் பருப்பில் 7 கிராம். உப்புப் போகக் கழுவி வறுத்து இடித்த நெத்தலி 10 கிராமில் சுமார் 6 கிராம். மீதியைக் குழைந்த சோறு தரும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் 40 கலோரி. ஒவ்வொரு வேளையும் கலந்து, நாளைக்கு ஐந்தாறு தடவை கொஞ்சங் கொஞ்சமாக ஊட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

1973 முதல் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கும் திரிபோஷா, 2022 நெருக்கடியில் தட்டுப்பட்டது. கிடைக்கும்போதும் மாதத்துக்கு இரண்டு பைக்கற் என்றால் அது ஒரு பிள்ளைக்கான கணக்கு. நான்கு பிள்ளைகள் பசியோடு பார்த்திருக்க ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மற்றவர்களுக்குக் கௌப்பியோ பயறோ அவித்து வைத்துவிட்டு, அந்தப் பைக்கற்றையாவது நோயாளிப் பிள்ளைக்கென ஒதுக்குங்கள் என்பதே எமது பதில்.

காணியை விட்டு வந்த குடும்பங்கள், பழைய கிளினிக் கொப்பி தொலைந்ததென்று ஒதுங்கி நிற்க வேண்டாம். இப்போது இருக்கும் இடத்து மருத்துவமாதிடம் பதிந்து, எடை பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், கால் வீக்கம், விடாத வாந்தி கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.