பெருந்தொற்று வந்தால் பெரியவர்கள் பதறாமல் இருக்க

2020 ஏப்ரல் தொடக்கத்தில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து 93 வயதுப் பெரியவர் ஒருவரும் அவருடைய 88 வயது மனைவியும் கொரோனாவிலிருந்து மீண்டு வீடு திரும்பினார்கள். பத்தனம்திட்டா மாவட்டம் ரான்னிக்காரர்கள். இத்தாலியிலிருந்து வந்த மகன் குடும்பத்திடமிருந்து அவர்களுக்குத் தொற்றியது. வயதோடு சேர்ந்த மற்ற நோய்களும் ஏற்கெனவே இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று நம் கன்னியாகுமரித் தொகுதியின் மக்களவை உறுப்பினர் எச். வசந்தகுமார் அதே நோயால் சென்னையில் இறந்தார். அவருக்கு வயது 70 தான். நம் மாவட்டத்துக் கருங்கல் பக்கத்துப் பெரியவர்கள் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் அசட்டுத் துணிச்சல் வரும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் இரவுத் தூக்கம் போய்விடும்.

வயது ஏறினால் ஆபத்து ஏன் கூடுகிறது? உடல் இதுவரை பார்த்திராத கிருமியை எதிர்க்கும் புதிய அணுக்கள் முதுமையில் குறைவாகவே உருவாகின்றன. அதனால் எதிர்ப்பு தாமதமாகத் தொடங்குகிறது. சிலருக்கு அது தொடங்கிய பின் அளவு மீறிப் போய்ச் சொந்த நுரையீரலையே புண்ணாக்குகிறது. சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட இளைப்பு இவற்றில் ஒன்றிரண்டு கூடச் சேர்ந்தால் தாங்கும் வலு இன்னும் குறையும்.

என் அனுபவத்தில், பதற்றம் வருவது நோயால் மட்டும் அல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூச்சு வாங்கும்போது, யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது, எந்த மாத்திரைச் சீட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதில்தான் பாதிப் பயம் இருக்கிறது. அதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே தீர்மானித்து வைத்துவிடலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பெரியவர்களுக்கு நோய் எப்படி வரும் என்பது. இளையவர்களுக்கு வருவது போலக் காய்ச்சலும் இருமலுமாகவே வரும் என்று காத்திருக்கக் கூடாது. எழுபது தாண்டியவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமல் போகலாம். சாப்பாடு இறங்காது. நடக்கும்போது தள்ளாடும், விழுந்துவிடுவார்கள். திடீரென்று இடம், நேரம் குழம்பும். "பாட்டாவுக்கு ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு, பேச்சு சரியில்ல" என்று வீட்டில் சொன்னால், அதை வயசு என்று தள்ளிவிடாதீர்கள். தொற்றுக் காலத்தில் அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும்போது மணமே தெரியவில்லை என்று ஒரு அம்மா சொன்னால், அதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 2021 இரண்டாம் அலையில் அது எத்தனையோ வீடுகளுக்குள் வந்தது. ஆனால் பார்க்கத் தெரியாமல் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகத்தில் மருதாணியோ சாயமோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். மாட்டியதும் வரும் எண்ணை நம்ப வேண்டாம். 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் பேசுங்கள். 90க்குக் கீழே போனால் பேச்சு வேண்டாம், உடனே 108. ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்த பின் எண் மூன்று நான்கு குறைந்தாலும் காட்டிவிடுவது நல்லது. கறுத்த தோலில் இந்தக் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எனவே எண் நன்றாக இருந்தும் மூச்சு முட்டினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும், கருவியை அல்ல. கொரோனாவில் இதற்கு நேர் மாறாகவும் நடந்தது. எண் இறங்கிய பிறகும் சிலர் மூச்சுத் திணறல் தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தனியாக இருப்பவர்கள் காலையும் மாலையும் எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு மட்டுமே அது பலன் தந்தது. அதை வீட்டிலேயே முதல் நாளிலிருந்து விழுங்கிய சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை எகிறியது. 2021இல் நாடு முழுக்கப் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு அதுவும் ஒரு காரணம். யாரோ ஒருவருக்கு எழுதிய சீட்டை வாட்ஸ்அப்பில் பார்த்து மருந்து வாங்காதீர்கள். கபசுரக் குடிநீர் குடிப்பவர்களும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை விட்டுவிடக் கூடாது.

மாத்திரைகள் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. இங்கே பலர் இதயத்துக்கும் புற்றுநோய்க்கும் திருவனந்தபுரத்தில்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். கொரோனாக் காலத்தில் களியக்காவிளையில் கேரள எல்லை இறுகியதும் இ-பாஸ் இல்லாமல் தவித்தார்கள். அப்படி இன்னொரு முறை நடக்கலாம். அதனால் ஒரு மாதத்துக்குரிய மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பழைய சீட்டுகளின் நகல் ஒன்றை உள்ளூர் மருத்துவரிடம் காட்டி வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இன்னும் பதியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி, எல்லாவற்றிலும் கடினமானது. மரிச்ச வீட்டுக்குப் போகாமல் இருப்பது. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். அடக்கத்துக்குப் போகாவிட்டால் உறவே முறியும் என்று நம் ஊரில் பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனாலும் பந்தலில் தோளோடு தோள் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசி அழும் இடத்தைவிடக் காற்றில் பரவும் கிருமிக்கு வசதியான இடம் குறைவு. 2020இல் அரசு இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு வைத்ததும் இதனால்தான். முன்கூட்டியே சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்: "இந்த நோய் அடங்குற வரைக்கும் நான் அடக்கத்துக்கு வர மாட்டேன், அன்னைக்கே போன்ல பேசுவேன், பிறகு ஒரு நாள் தனியா வந்து முற்றத்துல இருந்துட்டுப் போவேன்." சொன்னபடி பேசவும் போகவும் வேண்டும். சந்தைக்குப் போவதானால் கூட்டம் சேராத நேரத்தில், மூக்கையும் மூடிய முகக்கவசத்தோடு. வீட்டில் ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலுமாக இருக்க, தனி வீட்டில் இருக்கும் பெரியவர்கள் இங்கே ஏராளம். தனிமையும் உடம்பைக் கெடுக்கும். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் தினமும் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுக்கட்டும். வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கட்டும். தொலைக்காட்சிச் செய்தி நாளுக்கு ஒரு வேளை போதும். கோழிக்கோட்டில் நிபா வைரஸ் என்று செய்தி வந்தால் கருங்கலில் நெஞ்சு படபடக்கிறது. 2018 முதல் கேரளத்தில் அது பலமுறை தலைகாட்டியும் ஒவ்வொரு முறையும் அடக்கப்பட்டிருக்கிறது. நோய் பற்றிச் சந்தேகம் வந்தால் 104, முதியோர்க்கு வேறு உதவி வேண்டுமானால் 14567 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

தடுப்பூசி வந்தால் தள்ளிப் போடாதீர்கள். 2021 மார்ச் 1 முதல் 60 கடந்தவர்களுக்குப் போடத் தொடங்கியபோது, பிள்ளைகள் வரட்டும் என்று காத்திருந்து ஏப்ரல், மே மாத அலையில் மாட்டியவர்கள் உண்டு. தடுப்பூசி தொற்றையே முழுக்கத் தடுக்காவிட்டாலும் நோய் முற்றுவதை வெகுவாகக் குறைக்கும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் இன்றே கிடைக்கின்றன. அவற்றை எப்போது போடலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பிள்ளைகளோடு ஒரு பேச்சு பேச வேண்டும். ஆஸ்பத்திரி என்று வந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா, தனியாரா, கூட யார் வருவது, பணம் எங்கே, காப்பீட்டு அட்டை எந்த அலமாரியில், வென்டிலேட்டர் வரை போக விருப்பமா. கேட்கச் சங்கடப்படுவார்கள். நீங்களே ஆரம்பித்துச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாவி வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.