தேடல் விளம்பரத்தில் திறவுச்சொல் தெரிவு

தேடுபொறியில் எந்தச் சொற்களைத் தேடுவோருக்குத் தன் விளம்பரம் தோன்ற வேண்டும் என்று விளம்பரதாரர் முடிவு செய்வதே திறவுச்சொல் தெரிவு எனப்படும். தொழில் வழக்கில் இச்சொற்களைக் கீவேர்டு என்பர். பிறர் விற்கும் பொருளை இணையத்தில் பரிந்துரைத்து, விற்பனை நடந்தால் தரகு பெறுபவர் இணைப்புச் சந்தைப்படுத்துநர் ஆவார். பொருளின் விலையும் தரகு விகிதமும் இவர் கையில் இல்லை. விளம்பரச் செலவு மட்டுமே இவருடையது. அச்செலவு முதலில் போய்விடும்; தரகு பின்னரே வரும், வராமலும் போகலாம். ஆகவே சொற்களைத் தவறாகத் தெரிவு செய்தால் இழப்பு முழுவதும் இவரையே சேரும்.

வரலாறு

அமேசான் நிறுவனம் தன் இணைப்புத் திட்டத்தை 1996இல் தொடங்கியது. பில் கிராஸ் நிறுவிய கோடூ என்னும் தேடுபொறி, சொற்களை ஏலத்தில் விட்டு, சொடுக்கு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் முறையை 1998இல் கொண்டுவந்தது. 2001இல் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறிய இந்நிறுவனத்தை 2003இல் யாகூ வாங்கியது. கூகுளின் ஆட்வேர்ட்ஸ் 2000 அக்டோபரில் தொடங்கி, 2002இல் சொடுக்குக் கட்டண ஏலத்தை ஏற்றது. 2018 முதல் இது கூகுள் ஆட்ஸ் எனப்படுகிறது.

தேடுவோரின் நோக்கம்

ஆந்திரே புரோடர் 2002இல் எழுதிய கட்டுரையில் இணையத் தேடல்களை மூன்றாகப் பகுத்தார்: தகவல் அறியத் தேடுவது, குறிப்பிட்ட தளத்தை அடையத் தேடுவது, ஒரு செயலைச் செய்து முடிக்கத் தேடுவது. விளம்பரதாரருக்கு இப்பகுப்பு இன்றும் பயன்படுகிறது.

மாவரைக்கும் கிரைண்டரைப் பரிந்துரைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "கிரைண்டர்" என்று மட்டும் தேடுபவர் படம் பார்க்க வந்தவராக இருக்கலாம், பழுது பார்ப்பவராக இருக்கலாம், இரும்பு அறுக்கும் கருவியைத் தேடுபவராகவும் இருக்கலாம். "கிரைண்டர் சத்தம் வருவது ஏன்" என்று தேடுபவரிடம் ஏற்கெனவே கிரைண்டர் உண்டு. "2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் எது நல்லது" என்று தேடுபவரோ வாங்கும் முடிவை நெருங்கியவர். மூன்றாவது சொற்றொடரைத் தேடுவோர் குறைவு. ஆனால் அவர்களுள் வாங்குவோரின் விகிதம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இத்தகைய நீண்ட, குறிப்பான சொற்றொடர்களே சிறு முதலீட்டாளருக்கு ஏற்றவை.

பொருத்த வகைகள்

கூகுள் ஆட்ஸில் ஒரு திறவுச்சொல்லை மூன்று வகையில் இடலாம்.

• பரந்த பொருத்தம்: தொடர்புடைய பிற தேடல்களுக்கும் விளம்பரம் தோன்றும்.
• சொற்றொடர்ப் பொருத்தம்: அச்சொற்றொடரின் பொருளை உள்ளடக்கிய தேடல்களுக்குத் தோன்றும்.
• துல்லியப் பொருத்தம்: அதே பொருளோ நோக்கமோ கொண்ட தேடல்களுக்கு மட்டும் தோன்றும்.

இவற்றோடு விலக்குச் சொற்களும் உண்டு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் "பழுது", "உதிரி பாகம்", "பழையது", "இலவசம்" ஆகியவற்றை விலக்குச் சொற்களாக இட்டால், வாங்க வராதவர்களின் சொடுக்குகளுக்குப் பணம் கட்டுவது குறையும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

கிரைண்டரின் விலை ரூ. 4,000, தரகு 5 விழுக்காடு எனக் கொள்வோம். ஒரு விற்பனைக்குக் கிடைப்பது ரூ. 200. விளம்பரத்தைச் சொடுக்கிய 100 பேரில் 25 பேர் பரிந்துரைப் பக்கத்தைத் தாண்டிக் கடைக்குச் செல்கின்றனர். அவர்களுள் 2 பேர் வாங்குகின்றனர். ஆக, 100 சொடுக்குகளுக்கு வரவு ரூ. 400, சொடுக்கு ஒன்றுக்கு ரூ. 4. ஐந்தில் ஒரு பொருள் திருப்பி அனுப்பப்பட்டு அதற்கான தரகு கழிக்கப்பட்டால், இது ரூ. 3.20 ஆகும். இதுவே லாபமும் இழப்பும் இல்லாத எல்லை. லாபம் வேண்டுமெனில் இதற்கும் கீழேதான் ஏலம் கேட்க வேண்டும்.

ஏலத்தில் அச்சொல்லின் விலை ரூ. 10 எனில், 100 சொடுக்குகளுக்குச் செலவு ரூ. 1,000, வரவு ரூ. 320, இழப்பு ரூ. 680. அதிகம் பேர் தேடும் சொல் என்பதற்காக அதை வாங்குவது கூடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

ஏலத்தில் தொகை மட்டுமே இடத்தைத் தீர்மானிப்பதில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, சொடுக்கப்படும் வாய்ப்பு எவ்வளவு, சென்றடையும் பக்கம் பயனுள்ளதா என்பவையும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. இவற்றைக் காட்டும் தர மதிப்பெண் 1 முதல் 10 வரை வழங்கப்படுகிறது.

தமிழ்த் தேடல்கள்

தமிழர் ஒரே பொருளைத் தமிழ் எழுத்திலும், ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் தேடுகின்றனர். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது ஒரே சொல் பல எழுத்துக்கூட்டல்களைப் பெறும். இவற்றைத் தனித்தனிக் குழுக்களாக இட்டு, எக்குழுவில் விற்பனை நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. தமிழில் தேடியவரை ஆங்கிலப் பக்கத்துக்கு அனுப்பினால், அவர் படிக்காமலே திரும்பிவிடக்கூடும்.

விதிகளும் சட்டமும்

பல இணைப்புத் திட்டங்கள் தங்கள் வணிகப் பெயரைத் திறவுச்சொல்லாக வாங்குவதைத் தடை செய்கின்றன. அமேசான் திட்டத்திலும் இத்தடை உண்டு. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். சேர்ந்த தரகும் கிடைக்காமல் போகலாம். ஆதலால் ஒப்பந்தத்தை முதலில் படிக்க வேண்டும். வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடுவதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட பக்கங்களைக் கூகுளும் ஏற்பதில்லை. ஒப்பீடு, விளக்கம் போன்ற சொந்த உள்ளடக்கம் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.

பிறருடைய வணிகக் குறியைத் திறவுச்சொல்லாக்குவது தன்னளவில் குற்றமாகாது என்றும், அது மக்களிடம் குழப்பத்தை உண்டாக்கினால் உரிமை மீறல் ஆகலாம் என்றும் தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

சோதித்தலும் நிறுத்துதலும்

புதிதாகத் தொடங்குவோர் சில சொற்களோடு, நாள் வரம்பு வைத்துத் தொடங்கலாம். விளம்பரம் தோன்றக் காரணமான தேடல்களின் அறிக்கையை வாரந்தோறும் பார்த்து, பயனற்றவற்றை விலக்குச் சொற்களில் சேர்க்க வேண்டும்.

முடிவெடுப்பதில் அவசரம் கூடாது. 100க்கு 2 பேர் வாங்கும் நல்ல சொல்லிலும், முதல் 100 சொடுக்குகளில் ஒரு விற்பனைகூட நடவாமல் இருக்கும் வாய்ப்பு சுமார் 13 விழுக்காடு. 200 சொடுக்குகளில் அவ்வாறு நிகழும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஒரு சொல்லைச் சோதிக்க எவ்வளவு பணத்தை இழக்க முடியும் என்பதை முன்பே எழுதி வைத்து, அத்தொகை தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடன் வாங்கிய பணத்தில் இச்சோதனையைச் செய்வது முறையன்று.