கூரையிற் கால் ஊன்றும் பலகை

பனி உருகி மே மாதம் பிறந்ததும் ஒஸ்லோவின் புறநகர்களில் ஏணிகள் வெளியே வருகின்றன. மாதக்கணக்காகப் பனியின் பாரத்தைத் தாங்கிய கூரையில் எங்கே தகடு பெயர்ந்தது, எங்கே பாசி படர்ந்தது, எங்கே நீர் கசிந்தது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். இந்நகரில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிப்போன காலம். கூலி மிக உயர்ந்த நாடு இது. ஆகவே வாகனக் கொட்டிலின் கூரையையாவது சொந்தக் கையால் போட்டுவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு எழுவது இயல்பே. அயலவர் கூடிக் கூலியின்றிச் செய்யும் வேலையை நோர்வேஜியர் 'டுக்னாட்' என்பர். 2004இல் அவர்கள் தமது நாட்டின் தேசியச் சொல்லாகத் தெரிவு செய்ததும் அச்சொல்லையே. யாழ்ப்பாணத்தில் மாரிக்கு முன் கிடுகும் பனையோலையும் கொண்டு வீடு மேய அயலார் கூடியதை அறிந்தவர்களுக்கு இது புதிய வழக்கமன்று.

ஆனால் ஊரின் ஓலை வீட்டுத் தாவாரம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இங்குள்ள மாடி வீட்டின் தாவாரமோ ஐந்து மீற்றரையும் தாண்டும். மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழும் உடல் முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் தரையை அடைகிறது. ஐந்து மீற்றர் என்றால் ஒரு விநாடி, 36 கிலோமீற்றர் வேகம். எதையாவது பற்றிப் பிடிக்கலாம் என்று எண்ணுவதற்குக்கூட அவகாசம் இல்லை.

கொட்டில்களுக்கும் கோடைக்கால மரவீடுகளுக்கும் இங்கே பெரும்பாலும் போடப்படுவது தாரும் மணலும் சேர்ந்த ஷிங்கிள் தகடு. தத்துவம் பழையது. ஒஸ்லோவின் பிக்டோய் பகுதியிலுள்ள நாட்டார் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் அங்கே கோல் என்ற ஊரிலிருந்து 1880களில் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட மரத் தேவாலயத்தைக் கண்டிருப்பர். ஏறக்குறைய 1200ஆம் ஆண்டளவில் எழுந்தது அது. அதன் கூரையில் தார் பூசிய சிறு மரச்செதிள்கள் மீனின் செதிள்போல் அடுக்கடுக்காக இருக்கும். மேல் வரிசை கீழ் வரிசையின் ஆணிகளை மூடிக்கொள்கிறது. எந்த ஆணித்தலையிலும் மழை நேரே விழுவதில்லை. கூரை ஒழுகாமலிருப்பதன் இரகசியம் இதுவே. கால் ஊன்றும் பலகையை எங்கே பொருத்துவது என்பதும் இதிலிருந்தே தெளிவாகும்.

பலகை எதற்கு? நல்ல சப்பாத்து அணிந்தவர் காய்ந்த ஷிங்கிளில் நடக்கையில் உராய்வுக் குணகம் சுமார் 0.6 என்று வைத்துக்கொண்டால், 31 பாகைச் சரிவு வரையே கால் வழுக்காமல் நிற்கும். அதே கூரையில் காலைப் பனி உறைந்து குணகம் 0.2 ஆகக் குறைந்தால் 11 பாகையிலேயே கால் நழுவும். நேற்று நடந்த கூரைதானே என்று இன்று விடியற்காலையில் ஏறுபவர் விழுவது இதனால்தான். இன்னொன்று, புதிய ஷிங்கிளிலிருந்து உதிரும் சிறுமணல். அது காலின் கீழ் குண்டுமணிபோல் உருளும். வேலை செய்யும் இடத்தைத் தும்புத்தடியால் அடிக்கடி கூட்டிவிடுவது வீண் வேலையன்று.

பனையேறுபவர் கணுக்காலில் மாட்டும் தளைநார்தான் அவருக்குக் காலூன்றும் இடம். பழுதான தளைநாரை நம்பி எவரும் மரத்தில் ஏறுவதில்லை. கூரையில் தளைநாரின் இடத்தைப் பெறுவது, முக்கோண வடிவில் வளைத்த இரும்புத் தாங்கிகளும் அவற்றின்மேல் கிடத்தும் பலகையும் ஆகும். தாங்கியின் மேற்பட்டையில், ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் துளைகள் இருக்கும். ஆணியின் தலை ஒடுங்கிய பக்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

பலகை எவ்வளவு தடிப்பானாலும், தாங்கி எவ்வளவு கனமான இரும்பானாலும், எல்லாப் பாரமும் முடிவில் அந்த இரண்டு மூன்று ஆணிகளில்தான் நிற்கிறது. ஷிங்கிளின் கீழேயுள்ள பரப்புப் பலகையின் தடிப்பு ஒரு விரலின் அகலம் அளவே. அதில் மட்டும் இறங்கிய ஆணி, மனிதன் ஏறிநின்று அசைய அசைய, மெல்ல மெல்ல இளகிக் கழன்றுவிடும். ஆணி பரப்பைத் துளைத்துக் கீழேயுள்ள கைமரத்தினுள் இறங்கியிருக்க வேண்டும். நோர்வேயில் கைமரங்கள் வழமையாக 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கும். ஆகவே ஒன்றுவிட்டொரு கைமரத்தில், அதாவது 1.2 மீற்றருக்கு ஒன்றாகத் தாங்கிகளை வைப்பது வசதி. பழைய வீடுகளில் இந்த அளவை நம்பக்கூடாது. பரப்புப் பலகையின் ஆணி வரிசையைப் பார்த்தோ, வீட்டின் உட்புறமிருந்து அளந்தோ கைமரம் எங்கே என்று அறிந்து சோக்கட்டியால் கோடு போட்டபின்பே ஏற வேண்டும். ஒவ்வொரு தாங்கிக்கும் குறைந்தது மூன்று ஆணிகள், ஒவ்வொன்றும் 9 அல்லது 10 சென்ரிமீற்றர் நீளம். கையில் இருந்த சின்ன ஆணியை அடித்துவிட்டு இப்போதைக்குப் போதும் என்று சொல்வது பெரும் பிழை. அந்த ஆணிகள் மேல்வரிசை ஷிங்கிள் பின்னர் மூடப்போகும் பகுதியில் அமைய வேண்டும்.

பலகை 48க்கு 198 மில்லிமீற்றர் அளவுள்ள, கணு குறைந்த மரமாக இருப்பது நல்லது. அதைத் தாங்கியோடு சேர்த்து ஆணி அடிக்காவிட்டால், நடக்கையில் பலகை பக்கவாட்டில் நகரும். கடைசித் தாங்கிக்கு வெளியே ஒரு சாணுக்கு மேல் நீண்டிருந்தாலோ, அந்த முனையில் கால் வைத்தவரை அது துலாப்போல் தூக்கி எறியும். ஷிங்கிள் கட்டுகளைப் பலகையில் அடுக்குவதும் ஆகாது. ஒரு கட்டு 20 கிலோவுக்கும் மேல் கனக்கும். மழைநீர்ப் பீலியும் பனி தடுக்கும் கம்பியும் கால் வைக்க ஏற்றவை போலத் தோன்றினாலும் அவை மனிதரின் பாரத்துக்காகப் பொருத்தப்பட்டவையல்ல.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், கால் ஊன்றும் பலகை நிற்பதற்கே ஒழிய, விழுபவரைத் தடுப்பதற்கன்று. மேலிருந்து சறுக்கி வருபவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அதனால் தாவாரத்தின் ஓரமாகக் கைப்பிடியுள்ள சாரம், அல்லது முகட்டில் உறுதியாகக் கட்டிய கயிறும் உடற்பட்டியும் வேண்டும். வேலைத்தலங்களில் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் விழுவதற்கு எதிரான பாதுகாப்பை நோர்வேயின் தொழில் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. அவை தொழிலாளருக்காக எழுதப்பட்டவை. சொந்தக் கொட்டிலின் மேல் ஏறும் குடும்பத்தலைவரிடம் வந்து விசாரிப்பார் எவருமில்லை. அவரைக் கேட்க வேண்டியவர் அவர் மனைவிதான். உடற்பட்டியில் தொங்குபவரை நீண்ட நேரம் அப்படியே விட்டால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். எனவே அவரை இறக்குவது எப்படி என்று ஏறுமுன்பே பேசி வைக்க வேண்டும். தனியே எவரும் ஏறக்கூடாது.

யார் ஏறுவது என்பதும் யோசிக்க வேண்டிய விடயமே. தென்னாசியக் குடியேற்றவாசிகளிடையே நீரிழிவும் வைற்றமின் டி குறைபாடும் மிகுதி என்று ஒஸ்லோவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றுபவர் விரத நாளில் வெறுவயிற்றோடு கூரையில் நிற்பது தலைச்சுற்றலை வலிந்து அழைப்பதாகும். கந்தசஷ்டிக்கு உபவாசம் இருப்பவர் அந்த ஆறு நாளும் ஏணியைத் தொடாமலிருப்பதே முறை; அக்காலத்தில் இங்கே கூரையில் உறைபனியும் சேர்ந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் குனிந்து எழும்போது கண் இருண்டுபோகலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவருக்கோ தலையில் பட்ட சிறு அடியும் மண்டையினுள்ளே மணிக்கணக்காகக் கசிந்து, மாலையில்தான் தன்னைக் காட்டும்.

விழுந்தவர் காலால் தரையைத் தொட்டிருந்தால் குதிக்கால் எலும்பு நொறுங்கக்கூடும். அதே விசை மேலேறி, நெஞ்சுப் பகுதியும் இடுப்பும் சந்திக்குமிடத்தில் முள்ளந்தண்டை நசுக்கியிருக்கவும் கூடும். குதிக்காலின் வேதனையில் முதுகு நோவு அவருக்கே தெரிவதில்லை. நான்கு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுவது ஊரில் அன்பின் அடையாளமாக இருந்தது. இங்கே அந்த அன்பு ஒருவரை வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருத்திவிடலாம். அவரைக் கிடந்தபடியே கிடக்க விட்டு, மேலே ஒரு போர்வை போர்த்தி, தலையை அசையாமற் பிடித்துக்கொண்டு 113ஐ அழைக்க வேண்டும். அவர் மூச்சு விடுகிறாரா என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும்; மூச்சு நின்றுவிட்டால் மட்டும் முதுகைப் பற்றிய அச்சத்தை விட்டு உயிர்காக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். தொலைபேசியில் பேசுபவர் படிப்படியாகச் சொல்லித் தருவார்.

வேலை முடிந்து தாங்கிகளைக் கழற்றும் நேரமே அதிக கவனத்தை வேண்டுவது. முகடு வரை போட்டு முடித்த மகிழ்ச்சியும் களைப்பும் சேர்ந்திருக்கும்; கீழே தேநீரும் வடையும் ஆயத்தமாகியிருக்கும். கழற்றுவது மேலிருந்து கீழாக. ஒரு வரிசைப் பலகையில் நின்று அதற்கு மேலுள்ள வரிசையை எடுக்க வேண்டும். முதலிற் பலகையை விடுவித்துக் கீழே நிற்பவரிடம் கயிற்றில் இறக்கிவிட்டு, தாங்கியின் அடியை மேல்நோக்கிச் சுத்தியலால் தட்டினால் ஆணித்தலை துளையின் அகன்ற பக்கத்துக்கு வந்து தாங்கி கழன்றுவிடும். ஆணிகளைப் பிடுங்குவதில்லை, பிடுங்கினால் கைமரம் வரை ஓட்டை விழும். மேலுள்ள ஷிங்கிளை மெதுவாக உயர்த்தி, தட்டையான இரும்புப் பட்டையொன்றை ஆணித்தலையில் வைத்து அடித்து, ஆணியைப் பரப்போடு பரப்பாக இறக்கிவிட வேண்டும். இறங்காமல் நிற்கும் ஆணித்தலை நாளடைவில் ஷிங்கிளைக் குத்திக் கிழித்து மழையை உள்ளே விடும். குளிரில் ஷிங்கிள் நொறுங்கும். ஆதலால் வெயில் பட்டுச் சற்று இளகிய வேளையே இதற்கு உகந்தது. தாவாரத்தை அடுத்த கடைசி வரிசையைக் கூரையில் நின்று எடுக்க முயலக் கூடாது. அதை எடுப்பது சாரத்தில் நின்றோ, தாவாரத்துக்கு மேல் ஒரு மீற்றர் நீட்டிக் கட்டிய ஏணியில் நின்றோ, ஏணியின் அடியை மற்றொருவர் பிடித்துக்கொண்டிருக்கையில்தான்.