தொழிலாளர்கள் வாங்கிய சுரங்கம்

தெற்கு வேல்ஸில் ஹிர்வைன் என்ற சிற்றூர். அதன் அருகே இருந்தது டவர் நிலக்கரிச் சுரங்கம். இனி கட்டுப்படியாகாது என்று சொல்லி, 1994 ஏப்ரலில் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் கோல் அதை மூடியது. மூடக்கூடாது என்று தொகுதி எம்.பி. ஆன் க்ளூயிட் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி, ஒரு நாளுக்கும் மேலாக உட்கார்ந்து போராடினார். பலனில்லை.

தொழிலாளர்கள் அடங்கவில்லை. சுரங்கத்தைத் தாங்களே வாங்க, வேலை போனதற்காகக் கிடைத்த இழப்பீட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டார்கள். போட்டவர்கள் 239 பேர். இழப்பீட்டுப் பணத்தை இப்படித் தூக்கிக் கொடுக்க எத்தனை துணிச்சல் வேண்டும்! எல்லோருக்கும் சம பங்கு. முன்னின்று நடத்தியவர் தொழிற்சங்கத் தலைவர் டைரோன் ஓ'சல்லிவன். தந்தையை இதே சுரங்கத்தில் பறிகொடுத்தவர். 1962-இல் நடந்த வெடிவிபத்தில் ஒன்பது தொழிலாளர்கள் மாண்ட இடமும் இதுதான். ஆபத்து தெரிந்தே அதை விலைக்கு வாங்கினார்கள்.

1995 ஜனவரி 2. ஊரே திரண்டுவர, ஊர்வலமாக நடந்து வேலைக்குத் திரும்பினார்கள், இம்முறை உரிமையாளர்களாக. கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்ட சுரங்கம் லாபம் ஈட்டியது. வெட்டிய கரி அபர்தா அனல்மின் நிலையத்துக்குப் போனது. இவர்களின் போராட்டத்தை 1999-இல் அலன் ஹாடினாட் இசை நாடகமாக்கினார்.

பதின்மூன்று ஆண்டுகள் ஓடியபின், 2008 ஜனவரியில் டவர் மூடப்பட்டது. அப்போது அங்கே வெட்டியெடுக்கத் தோதான கரி தீர்ந்துபோயிருந்தது.