வான்கோழிக் குஞ்சும் நல்ல நுண்ணுயிரும்

வான்கோழி வளர்ப்புக் கடன்களைப் பார்வையிடும்பொருட்டுச் சென்ற ஆண்டு ஒரு சங்கத்துக்குச் சென்றிருந்தோம். பற்றுச்சீட்டுகளிடையே புரோபயாடிக் தூள் வாங்கியதற்கான சீட்டு ஒன்றைக் கண்டோம். வாங்கியவர் ஒரு நெசவாளர்; தறிக்கொட்டகையை ஒட்டிக் கூரை இறக்கி 40 குஞ்சுகளை வளர்த்தவர். “தூளை ஒரு நாளும் தவறாமல் தண்ணீரில் கலந்து கொடுத்தேன் ஐயா, பத்து நாளைக்குள் 14 குஞ்சு போய்விட்டது” என்றார்.

தண்ணீர்த் தொட்டியருகே சென்றதும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. நமக்கு நாணமாகிவிட்டது. கிணற்று நீரை அவ்வாறு சுத்திகரிக்கும்படி முந்தைய வருகையின்போது குறிப்பேட்டில் எழுதியவர்கள் நாமேயன்றோ! யோசனை தவறன்று; ஆனால் அந்நீரில் தூளைக் கலக்கலாகாது என்று ஒரு வரி சேர்க்கத் தவறினோம். நல்லது, கெட்டது என்று குளோரின் பேதம் பார்ப்பதில்லை.

புரோபயாடிக் என்பது, போதிய அளவில் உயிரோடு உட்சென்று நன்மை புரியும் நுண்ணுயிர்களைக் கொண்ட பொருள். லாக்டோபாசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களும் சிலவகை ஈஸ்ட்டுகளும் இதில் அடங்கும். தாயின் கீழ்ப் பொரித்த குஞ்சு, தாய் நடமாடிய மண்ணைக் கொத்தியே இவற்றைப் பெற்றுவிடும். 28 நாள் இன்குபேட்டரில் இருந்து வெளிவரும் குஞ்சுக்கோ அந்தத் தாய்வீட்டுச் சீதனம் கிடைப்பதில்லை. வெறுமையான குடலில் முந்திக் குடியேறுவது தீய கிருமியாகவும் இருக்கலாம். பின்லாந்து நாட்டின் நுர்மி, ரன்டாலா என்னும் இரு அறிஞர்கள், வளர்ந்த கோழிகளின் குடற்பொருளைப் புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்து, அவை சால்மோனெல்லா கிருமியை எதிர்த்து நிற்பதை 1973-இல் வெளியிட்டனர். அது கோழியில் நடந்த சோதனை. வான்கோழிக்கும் அந்நியாயம் பொருந்துவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

பிரீபயாடிக் உயிருள்ளதன்று, நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாவது. வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் ஆகியவற்றில் உள்ள இனுலின் அவ்வகையைச் சேர்ந்தது. ஈஸ்ட்டின் மேலுறையிலிருந்து எடுக்கும் மானன் பொருளையும் இதனுடன் சேர்த்துப் பேசுவர். குடற்சுவரைப் பற்ற வரும் சில தீய கிருமிகள் அதைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும்.

வளர்ச்சிக்கென ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் சிறுகச் சிறுகக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்னும் அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரி 1 முதல் அதை விலக்கியது. நம் நாட்டில் 2019-இல் கொலிஸ்டின் மருந்து கால்நடை, கோழித் தீவனங்களிலிருந்து தடை செய்யப்பட்டது. அவ்விடத்தை நிரப்ப வந்தவற்றுள் இத்தூள்களும் சேரும். எடை கூடுமா எனின், கூடுவதுமுண்டு, கூடாததுமுண்டு. துப்புரவான கொட்டகையில் பயன் சிறிதே தெரியும். விற்பவர் சொல்லும் பெருங்கணக்கை நம்பிக் கடன் மனு எழுதுவதை நாம் விரும்புவதில்லை.

நெசவாளரின் குஞ்சுகள் மாண்டதற்குத் தூள் வீணானது மட்டும் காரணமன்று. அவற்றின் இரைப்பை காலியாக இருந்ததென்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வான்கோழிக் குஞ்சு முதல் நாட்களில் தானே இரை தேடுவதில் மிக மந்தம்; தீவனத்தின் நடுவிலேயே பட்டினியால் சாகும். லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், 10 குஞ்சுகளுக்கு ஒரு வேகவைத்த முட்டை என 15 நாட்கள் ஊட்டவேண்டும். தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகளை இட்டால், அவற்றைக் கொத்த வந்து குடிக்கப் பழகும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும், தீவனத்தில் 28 விழுக்காடு புரதமும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் தூள் வாங்குவது, பாவு ஓட்டாமல் ஊடை வாங்கிக் குவிப்பது போன்றது.

வாங்குவோர் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குக. வெயில் படாமல் வைத்து, காய்ச்சி நன்கு ஆறிய நீரில் அன்றன்று கலந்து, குஞ்சு வந்த முதல் நாளிலிருந்தே கொடுக்கவேண்டும். ஆன்டிபயாடிக் சிகிச்சை நடக்கும்போது பாக்டீரியாத் தூள் கொடுப்பது பெரும்பாலும் வீண். முடிந்தபின் கொடுத்தல் நன்று. கோழிகளோடு கலந்து வளர்த்தால் தொற்றும் கருந்தலை நோய்க்கு இத்தூள் காப்பாகாது.

அந்நெசவாளரின் கடனுக்கு ஆறு மாதத் தவணை நீட்டிப்புத் தருமாறு நிர்வாகக் குழுவுக்கு எழுதினோம். தூள் வீணானதில் நம் குறிப்பின் பங்கையும் மறைக்காமல் சேர்த்தோம். குழு இணங்கியது. மீந்த 26 பறவைகளும் கிறிஸ்துமஸ் சமயத்தில் விலைபோயின. இவ்வாண்டு 60 குஞ்சுகளுக்கு மனுக் கொடுத்திருக்கிறார். அதில் பால், முட்டைச் செலவைத் தூளுக்கு மேலே எழுதியிருக்கிறார்.