டீச்சர்னா சேலைதான் கட்டணுமா? உத்தரவு சொல்வது என்ன?

தமிழக எல்லையை ஒட்டிய எருத்தேன்பதியில் இருந்து கேரளக் கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகும் பெண்ணிடம், "சேலை கட்டிட்டுத்தான் வரணும்" என்று நிர்வாகம் சொல்லலாமா?

சொல்ல முடியாது. 2014-லேயே இதற்கு உத்தரவு வந்துவிட்டது. ஆனாலும் புகார் நிற்கவில்லை. அதனால் 2021 நவம்பரில் உயர்கல்வித் துறை மறுபடியும் சுற்றறிக்கை அனுப்பியது: வசதியான உடையை அணியலாம், சேலை கட்டாயமில்லை. கல்லூரியில் தானும் சுடிதார் அணிந்தே பாடம் எடுத்ததாக அமைச்சர் ஆர்.பிந்து சொன்னார்.

எல்லை தாண்டினால்? தமிழ்நாட்டின் 2019 அரசாணைப்படி, அரசுப் பெண் ஊழியர்கள் சேலையோ, துப்பட்டாவுடன் சுடிதாரோ அணியலாம்.

ஏழு வருஷம் கழித்தும் ஏன் இதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது? 'சேலைதான் டீச்சருக்கு மரியாதை' என்பது காகிதத்தில் இல்லை, ஸ்டாஃப் ரூம் பேச்சில் இருக்கிறது. அடுத்த முறை யாராவது சொன்னால், ஒன்றே ஒன்று கேளுங்க: "அந்த ஆர்டரைக் காட்டுறீங்களா?"